நிலத்துக்கு ஒரு பொதுமொழி தேடியவர்: ஆல்பிரெக்ட் பெங்க்

முன்னுரை

எழுத்து என்பது ஓர் உடன்பாடு. இன்ன வடிவுக்கு இன்ன ஒலி என்று ஒரு மக்கட்கூட்டம் ஏற்றுக்கொண்ட பின்னரே ஏடு பிறக்கின்றது. நிலப்படமும் அத்தகையதே. நீலம் நீர் என்றும், கோடு எல்லை என்றும், ஒரு விரல் இடைவெளி இத்தனை காதம் என்றும் வரைபவரும் காண்பவரும் ஒத்துக்கொண்டால் மட்டுமே அது பேசும். மொழி கற்போர் நிலப்படத்தின் வரலாற்றையும் அறிந்துகொள்வது பயனுடையது என்பது இதனால் விளங்கும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்-இத்ரீசி என்னும் முஸ்லிம் பேரறிஞர், சிசிலித் தீவின் கிறித்தவ மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் அமர்ந்து, அன்று அறியப்பட்டிருந்த உலகத்தை 70 பகுதிப் படங்களாக வரைந்தார். 1154-ஆம் ஆண்டு நிறைவுற்ற அந்நூலின் படங்கள் அனைத்தும் ஒரே முறையில் அமைந்தவை. பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்தால் ஓர் உலகம் உருப்பெறும். ஆதரித்த மன்னர் ஒருவர், வரைந்த அறிஞர் ஒருவர் என்றிருந்தமையால் அது கைகூடிற்று. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், போட்டியிடும் பல அரசுகளாகப் பிரிந்து நின்ற ஐரோப்பாவில் அத்தகைய ஓர் எண்ணத்தை எடுத்துரைத்தவர் ஜெர்மானியப் புவியியல் அறிஞர் ஆல்பிரெக்ட் பெங்க் ஆவார். நாடுகளின் புவியியல் கழகங்கள் கைகோத்தால் எதனைச் சாதிக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்று. அக்கைகள் எவ்வாறு விடுபட்டன என்பதற்கும் அதே வாழ்வே சான்றாக நிற்கின்றது.

பிறப்பும் கல்வியும்

பெங்க் 1858-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள், லைப்சிக் நகரையடுத்த ராய்ட்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். 1875-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இயற்கை அறிவியல் துறைகளைக் கற்றார். சாக்சனி மாநிலத்தின் நிலவியல் அளவைப் பணியில் இளமையிலேயே ஈடுபட்டு, கல்லையும் மண்ணையும் நேரில் கண்டு ஆராயும் பயிற்சி பெற்றார். 1882-இல் அவர் வெளியிட்ட நூல், ஆல்ப்ஸ் மலைச் சாரலில் பனியாறுகள் ஒருமுறையன்றிப் பலமுறை படர்ந்து விலகின என்பதை எடுத்துக்காட்டியது. இருபத்துநான்கு வயதிற்குள் அவர் பெயர் அறிஞர் உலகில் பரவலாயிற்று.

பிற்காலத்தில் எடுவர்ட் புருக்னருடன் சேர்ந்து 1901 முதல் 1909 வரை அவர் வெளியிட்ட மூன்று தொகுதிப் பெருநூல், பனியூழிக் காலத்தை நான்காகப் பகுத்தது. குன்ஸ், மிண்டல், ரிஸ், வூர்ம் என்னும் அந்நான்கு பெயர்களும் தென்ஜெர்மனியின் சிற்றாறுகளின் பெயர்களே. கடலடிப் படிவுகளை ஆராய்ந்த பிற்கால அறிவியல், பனிக்காலங்கள் நான்கினும் மிகுதி என்று கண்டது. ஆயினும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் பாடநூல்கள் பெங்க் வகுத்த வரிசையையே பின்பற்றின.

வியன்னாவின் வகுப்பறை

1885-ஆம் ஆண்டு, இருபத்தேழு வயதை எட்டும் காலத்தில், பெங்க் வியன்னாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். அங்கு அவர் பணியாற்றிய 21 ஆண்டுகளே அவர் வாழ்வின் பொற்காலம் எனலாம். வியன்னா அன்று பல மொழியினரும் பல இனத்தவரும் வாழ்ந்த ஒரு பேரரசின் தலைநகர். பெங்கின் வகுப்பறையும் அவ்வாறே விளங்கியது. செர்பியாவிலிருந்து வந்த யோவான் சுவீயிச், சுண்ணாம்புப்பாறை நிலங்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வை அவரிடமே செய்து 1893-இல் பட்டம் பெற்றார். போலந்து இனத்தவரான எவுகெனியுஷ் ரோமர் அவரிடம் பயின்றார். பிரான்சிலிருந்து எம்மானுவேல் து மர்த்தோன் வந்து கற்றுச் சென்றார். ஆசிரியர் மாணவர்களை அழைத்துக்கொண்டு மலைகளில் நடப்பார். பாறையில் பனியாறு கீறிய வடுவைக் கையால் தொட்டுக் காட்டுவார். அவ்வடுவுக்கு நாடும் இல்லை, மொழியும் இல்லை. இம்மூன்று மாணவர்களின் பெயர்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். அவர்களைப் பின்னர் வேறோர் இடத்தில் காண்போம்.

பெர்ன் நகரில் பிறந்த எண்ணம்

பாரிசில் 1821-இலும், பெர்லினில் 1828-இலும், லண்டனில் 1830-இலும் புவியியல் கழகங்கள் தோன்றின. ரஷ்யாவில் 1845-இலும், வியன்னாவில் 1856-இலும் அவை அமைந்தன. தத்தம் நாட்டுப் பயணிகளுக்குப் பொருளுதவி அளிப்பதும், கண்டறிந்தவற்றை இதழ்களில் வெளியிடுவதும், பதக்கம் வழங்கிச் சிறப்பிப்பதும் அவற்றின் பணிகளாயின. நாட்டின் பெருமையை வளர்க்கவும் குடியேற்றங்களுக்கு வழிகாட்டவும் அவை துணைநின்றன என்பதை மறைத்தல் இயலாது. இருப்பினும் 1871-இல் ஆண்ட்வெர்ப் நகரில் முதல் பன்னாட்டுப் புவியியல் மாநாடு கூடியது முதல், ஒரு கழகத்தார் மற்றொரு கழகத்தாருடன் ஒரே மேசையில் அமரும் வழக்கம் உண்டாயிற்று.

1891-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஐந்தாம் மாநாடு கூடியபோது பெங்குக்கு வயது முப்பத்திரண்டு. அன்று ஐரோப்பாவின் நிலப்படங்கள் இருந்த நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலேயர் ஒரு மைலை ஓர் அங்குலமாக வரைந்தனர். ரஷ்யர் தங்கள் வெர்ஸ்ட் அளவில் வரைந்தனர். பிரெஞ்சுப் படம் எண்பதாயிரத்தில் ஒன்று, ஆஸ்திரியப் படம் எழுபத்தையாயிரத்தில் ஒன்று, ஜெர்மானியப் படம் நூறாயிரத்தில் ஒன்று என்ற அளவுகோலைக் கொண்டிருந்தன. தீர்க்கரேகையைப் பிரெஞ்சுக்காரர் பாரிசிலிருந்தும், ஆங்கிலேயர் கிரீனிச்சிலிருந்தும், ரஷ்யர் புல்கோவாவிலிருந்தும் எண்ணினர். எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே ஆறுதான் ஓடியது. எனினும் இரண்டு நாட்டுப் படங்களை ஒட்டவைத்தால் அந்த ஆறு பொருந்தவில்லை.

இக்குறையைப் போக்க, உலகம் முழுவதையும் பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் ஒரே அளவுகோலில், ஒரே குறியீடுகளுடன் வரைந்துவிடலாம் என்று பெங்க் முன்மொழிந்தார். அவ்வளவுகோலில் ஒரு சென்டிமீட்டர் பத்துக் கிலோமீட்டரைக் குறிக்கும். ஒவ்வொரு நாடும் தன் பங்குக்குரிய தாள்களை வரைந்து தரல் வேண்டும் என்பதே அவர் திட்டம். மாநாடு அதனை வரவேற்றது. ஆராய ஒரு குழுவை அமைத்தது.

மீட்டரும் கிரீனிச்சும்

வரவேற்பது எளிது, விட்டுக்கொடுப்பது அரிது. மீட்டர் அளவை ஆங்கிலேயர் ஏற்கத் தயங்கினர். கிரீனிச் கோட்டைப் பிரெஞ்சுக்காரர் ஏற்கத் தயங்கினர். 1884-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கிரீனிச் தொடக்கக்கோடாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதே பிரான்சு வாக்களியாது ஒதுங்கி நின்றது. பின்னர் 1911-இல் அந்நாடு தன் கடிகாரத்தைக் கிரீனிச் நேரத்துக்கு மாற்றியபோதுங்கூட, சட்டத்தில் கிரீனிச் என்னும் பெயரை எழுதவில்லை. பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 நொடி குறைத்துக்கொள்க என்றே எழுதிற்று. ஒரு பெயரை எழுதுவதற்கே இத்துணைத் தயக்கம் இருந்த காலத்தில்தான் பெங்க் உலகப்படத்துக்கு ஒப்புதல் தேடினார்.

1895-இல் லண்டனிலும், 1899-இல் பெர்லினிலும், 1904-இல் வாஷிங்டனிலும், 1908-இல் ஜெனீவாவிலும் மாநாடுகள் கூடின. ஒவ்வொன்றிலும் அவர் திட்டம் பேசப்பட்டது. கழகங்கள் இசைந்தால் மட்டும் போதாது, படம் வரையும் அரசுத் துறைகளும் இசைதல் வேண்டும் என்பது அதற்குள் தெளிவாயிற்று. இறுதியில் 1909 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு லண்டனில் ஒரு குழுவைக் கூட்டியது. அங்கே ஆங்கிலேயர் மீட்டரை ஏற்றனர்; பிரெஞ்சுக்காரர் கிரீனிச்சை ஏற்றனர். ஓர் அறிஞர் பதினெட்டு ஆண்டுகள் மீண்டும் மீண்டும் ஒன்றையே கூறிவந்ததன் பயன் அது.

அக்குழு வகுத்த முறை எளிமையும் அழகும் உடையது. ஒவ்வொரு தாளும் அட்சரேகையில் 4 பாகையும் தீர்க்கரேகையில் 6 பாகையும் கொண்டது. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கி ஒவ்வொரு நான்கு பாகைக்கும் ஓர் எழுத்து. 180-ஆம் பாகையிலிருந்து கிழக்கு நோக்கி ஒவ்வோர் ஆறு பாகைக்கும் ஓர் எண். உலகின் எவ்வூருக்கும் இதனால் ஒரு முகவரி கிடைத்துவிடுகின்றது. நம் திருச்சிராப்பள்ளியும் மதுரையும் வட அரைக்கோளத்தின் சி வரிசையில் 44-ஆம் தாளில் அடங்கும். சென்னை அதற்கு மேலுள்ள டி வரிசையில் அமையும். பெரிய நாடு, சிறிய நாடு என்றோ, ஆளும் நாடு, ஆளப்படும் நாடு என்றோ அம்முறை வேறுபாடு காட்டவில்லை.

1913 டிசம்பரில் பாரிசில் கூடிய இரண்டாம் குழுவில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்றன. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் நடுவண் அலுவலகம் அமைப்பதென்று முடிவாயிற்று. பெங்க் 1906 முதல் பெர்லினில் பேராசிரியராக இருந்தார். 1914-ஆம் ஆண்டு லண்டன் அரசு புவியியல் கழகம் தன் உயர்ந்த தங்கப் பதக்கங்களுள் ஒன்றை அவருக்கு அளித்துப் பெருமைப்படுத்தியது.

1914

அவ்வாண்டின் ஆகஸ்டுத் திங்களில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் மாநாடு ஆஸ்திரேலியாவில் நடைபெற்றது. அழைப்பை ஏற்று அங்கே சென்றிருந்தார் பெங்க். அப்பொழுதே ஐரோப்பாவில் போர் மூண்டது. விருந்தினராகச் சென்றவர் பகைநாட்டவராக மாறினார். தாயகம் திரும்பும் வழியில் அவர் இங்கிலாந்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். பதக்கம் அளித்த நாடே ஐயக்கண் கொண்டு அவரை நோக்கிற்று. ஒருவாறு விடுபட்டு ஊர் சேர்ந்தவர், 1915-இல் அவ்வனுபவத்தை நூலாக எழுதினார். போருக்கு முன் ஐரோப்பாவின் எல்லா நகரங்களிலும் நண்பர்களைக் கொண்டிருந்தவரின் நெஞ்சில் அந்நிகழ்ச்சி ஆழமான காயத்தை விளைத்தது. அக்காயம் ஆறவில்லை, வேறொன்றாக மாறிற்று.

ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே

1916-இல் மாணவர் ரோமர், போலந்து மக்கள் வாழும் நிலங்களைக் காட்டும் ஒரு நிலப்படத் தொகுதியை வெளியிட்டார். அன்று போலந்து என்றொரு நாடு உலகப்படத்தில் இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா என்னும் மூன்று பேரரசுகளுக்குள் அது பங்கிடப்பட்டுக் கிடந்தது. ஜெர்மனியின் ஆளுகைக்குட்பட்ட மாவட்டங்களிலும் போலந்து மக்களே மிகுதி என்று அத்தொகுதி காட்டியதும் பெங்க் அதனைக் கடுமையாகத் தாக்கினார். ஒரே வகுப்பறையில் பனியாற்றின் வடுவைத் தொட்டவர்கள், அதே அளவுகோலையும் அதே வண்ணங்களையும் கையிலேந்தி எதிரெதிரே நின்றனர்.

1917-18-இல் பெங்க் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். ஜெர்மனி தோற்றது. 1919-இல் பாரிசில் அமைதி மாநாடு கூடியபோது, போலந்துக் குழுவின் புவியியல் வல்லுநராக ரோமர் வந்தார். தென்சிலாவியக் குழுவில் சுவீயிச் வந்தார். பிரெஞ்சுத் தரப்பில் எல்லைகளை ஆராய்ந்தவர்களுள் து மர்த்தோன் இருந்தார். ஆசிரியருக்கு மட்டும் அங்கே இடமில்லை. போர்க்காலத்தில் லண்டன் புவியியல் கழகம் பிரிட்டிஷ் போர்த்துறைக்காக ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவுகோலில் வரைந்து வைத்திருந்தது. அத்தாள்கள் பாரிசின் பேச்சு மேசைகளிலும் பயன்பட்டன. நாடுகளை இணைப்பதற்கெனப் பெங்க் தேர்ந்த அளவுகோல், நாடுகளை வகுந்தெடுப்பதற்குப் பயன்பட்டது.

பிரிந்து நின்ற கழகங்கள்

போரில் வென்ற நாடுகள் 1919-இல் அமைத்த பன்னாட்டு ஆய்வு மன்றம், தோற்ற நாடுகளின் அறிஞர்களுக்குக் கதவடைத்தது. 1922-இல் பிரசல்சில் பிறந்த பன்னாட்டுப் புவியியல் ஒன்றியமும் அம்மன்றத்தின் வழியே அமைந்தமையால் ஜெர்மனி அதில் இடம்பெறவில்லை. எகிப்தியப் புவியியல் கழகத்தின் பொன்விழாவை ஒட்டி 1925-இல் கெய்ரோவில் நடந்த மாநாட்டின்போதும் இந்நிலையே நீடித்தது. 1926-இல் தடை நீக்கப்பட்டபோது, மனம் கசந்திருந்த ஜெர்மனி சேர மறுத்துவிட்டது. கதவை அடைத்தவர்கள் ஒரு பிழை செய்தனர். திறந்த கதவில் நுழைய மறுத்தவர்கள் மற்றொரு பிழை செய்தனர்.

தனிவாழ்விலும் துயரம் தொடர்ந்தது. பெங்கின் மகன் வால்டர், தந்தையின் துறையிலேயே புகழ்பெற்றவர். போர்க்காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். 1923-இல், முப்பத்தைந்தாம் வயதில், புற்றுநோயால் அவர் மறைந்தார். மகன் முடிக்காது விட்ட நூலைத் தந்தையே செப்பனிட்டு மறு ஆண்டில் வெளியிட்டார்.

1925-ஆம் ஆண்டு பெங்க் ஒரு கட்டுரையையும் அதனுடன் ஒரு படத்தையும் வெளியிட்டார். ஜெர்மானியர் வாழும் நிலம் ஒன்று. ஜெர்மானியப் பண்பாட்டின் தடம் பதிந்த நிலம் அதனினும் பெரிது. இரண்டும் நாட்டின் எல்லையைத் தாண்டிப் பரந்துள்ளன என்பது அதன் கருத்து. பிற இனத்தவர் உழுது வாழும் வயலையும் எமது என்று உரிமை கொண்டாட இக்கருத்து இடம் தந்தது. பின்னர் ஆட்சியைப் பிடித்த நாஜிகளுக்கு அது வாய்ப்பாயிற்று. பெங்க் படையை ஏவியவர் அல்லர். ஆயினும் படை சென்ற திசைகளில் அவர் தீட்டிய வண்ணம் முன்னரே படிந்திருந்தது. எந்த ஊருக்கும் ஒரே முறையில் முகவரி தந்த அறிஞர், தம் இனத்துக்கு மட்டும் வேறோர் அளவுகோலை வைத்துக்கொண்டார். அவர் வாழ்வின் பெரும்பிழை இதுவே.

இறுதி நாள்களும் படத்தின் பயணமும்

1940-இல் ஜெர்மானிய வானூர்திகள் சவுதாம்ப்டன் நகரைக் குண்டுவீசித் தாக்கின. உலகப்படத்தின் நடுவண் அலுவலகத்துக்கு இருப்பிடமாய் இருந்த நில அளவைத் துறையின் கட்டடங்கள் பெரும் அழிவுக்குள்ளாயின. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1945 மார்ச்சு 7-ஆம் நாள், ஜெர்மனி 1939-இல் கைப்பற்றியிருந்த பிராகு நகரில், 86-ஆம் வயதில் பெங்க் காலமானார். போர் முடிய இரு திங்களே எஞ்சியிருந்தன.

அதே 1945-ஆம் ஆண்டில் அட்லாண்டிக்கின் மறுகரையில் ஒரு பணி முற்றுப்பெற்றது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்கப் புவியியல் கழகம், பெங்கின் முறையைப் பின்பற்றி, மெக்சிகோ முதல் தென்முனை வரையுள்ள நாடுகளை 107 தாள்களில் வரைந்து முடித்தது. 1920-இல் தொடங்கிய வேலை அது. அரசுகள் சோர்ந்த இடத்தில் ஒரு கழகம் கால் நூற்றாண்டு உழைத்து அதனை நிறைவேற்றிற்று. இந்திய நில அளவைத் துறையும் தன் பங்குக்கு இத்தொடரின் தாள்களை வெளியிட்டது.

1953-இல் இப்பணி ஐக்கிய நாடுகள் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. 1962-இல் பான் நகரில் கூடிய மாநாடு விதிகளைப் புதுப்பித்தது. எனினும் வானூர்தியும் செயற்கைக்கோளும் வேறு வழிகளைத் திறந்துவிட்டமையால் ஆர்வம் குன்றியது. 1980-களின் இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. உலகம் முழுவதற்குமான தாள்கள் ஒருபோதும் நிறைவடையவில்லை.

முடிவுரை

முற்றுப்பெறாத ஒன்றை வீண் என்று தள்ளிவிடல் தகாது. தாள்களைப் பகுக்கவும் எண்ணிடவும் 1909-இல் வகுத்த முறை இன்றும் பல நாட்டு நிலப்படங்களில் வாழ்கின்றது. 1990-களில் ஐரோப்பிய நாடுகளின் புவியியல் கழகங்கள் யூஜியோ என்னும் கூட்டமைப்பில் ஒன்றுசேர்ந்தன. ஐரோப்பிய நாடுகளின் நில அளவைத் துறைகள் கூடித் தம் கண்டத்துக்கு ஒரு பொதுப்படத்தைக் கணினியில் உருவாக்கியபோது, அவை தேர்ந்துகொண்ட அளவுகோல் பத்து இலட்சத்தில் ஒன்றே. பெங்கின் மாணவர்கள் எதிரெதிரே நின்று வாதிட்ட எல்லைகளின் இருபுறமும் அப்படத்தில் ஆறுகள் பொருந்தி ஓடுகின்றன.

பெரியோர் வாழ்வை எழுதுங்கால் குறைகளை மறைத்துப் புகழை மட்டும் தொகுப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பெங்கை அவ்வாறு எழுதினால் அவரிடமிருந்து கற்கவேண்டிய பாடத்தை இழந்துவிடுவோம். மீட்டரை ஏற்பதும் கிரீனிச்சை ஏற்பதும் கடினமாக இருந்தன; பதினெட்டு ஆண்டுகளில் அவை நிறைவேறின. அண்டை வீட்டான் வயல் அவனுடையதே என்று ஏற்பது அதனினும் கடினமாக இருந்தது. அதனை அவரால் நிறைவேற்ற இயலவில்லை. முதல் பணியைக் கழகங்கள் கூடி முடிக்கலாம். இரண்டாம் பணியை அவரவர் நெஞ்சே முடித்தல் வேண்டும். கையில் அளவுகோல் ஏந்தும் மாணவர், எந்தத் துறையினராயினும், பெங்கின் இவ்விரு முகங்களையும் ஒருங்கே நினைவிற்கொள்வாராக.